நெடுநேரப் பந்தய ஓட்டுநரின் சாதனையை எப்படி அளப்பது? ஆன்ரி பெஸ்கரோலோவின் வாழ்க்கை வழியே ஓர் அறிமுகம்

பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணிநேரக் கார் பந்தயத்தில் அந்நாட்டின் ஆன்ரி பெஸ்கரோலோ 33 முறை கலந்துகொண்டார். வேறு எந்த ஓட்டுநரும் அத்தனை முறை அந்தப் பந்தயத்தில் ஓட்டியதில்லை. அந்த 33 முறைகளில் அவர் வென்றது 4 முறை. ஃபார்முலா ஒன் பந்தயங்களை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, இவ்வளவு காலம் ஓட்டியும் இவ்வளவுதானா என்ற எண்ணம் எழக்கூடும். ஆனால் நெடுநேரப் பந்தய உலகில் பெஸ்கரோலோவின் பெயரை எவரும் மரியாதையின்றி உச்சரிப்பதில்லை. இந்த வகைப் பந்தயத்தில் ஓட்டுநர் என்பவர் என்ன வேலை செய்கிறார், அவருடைய திறமை எந்த இடத்தில் வெளிப்படுகிறது, வெற்றிப் பட்டியல் அதில் எவ்வளவைக் காட்டுகிறது, எவ்வளவை மறைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அந்த மரியாதையின் காரணம் விளங்கும்.

முதலில் பந்தயத்தின் அடிப்படை. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட வேண்டிய தூரம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். அதை முதலில் முடிப்பவர் வெல்வார். லெ மானில் நேரம்தான் முடிவாகியிருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வரை, 24 மணிநேரத்தில் எந்தக் கார் மிக அதிகத் தூரம் ஓடியிருக்கிறதோ அதுவே வெற்றி பெற்ற கார். பெஸ்கரோலோ முதன்முதலாக அங்கே ஓட்டிய 1966ஆம் ஆண்டில் இந்த விதி ஒரு விசித்திரமான முடிவைத் தந்தது. இரண்டு ஃபோர்டு கார்கள் ஏறக்குறைய ஒன்றாகவே கோட்டைக் கடந்தன. தொடக்கத்தில் சில மீட்டர் பின்னால் நின்றிருந்த கார் அந்தச் சில மீட்டர்களைக் கூடுதலாக ஓடியிருந்ததால், அதுவே வென்றதாக அறிவிக்கப்பட்டது.

1923ஆம் ஆண்டு தொடங்கிய இந்தப் பந்தயம் நடக்கும் வளையத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளமுடையது. அதன் பெரும்பகுதி, ஆண்டின் மற்ற நாள்களில் ஊர் மக்களும் லாரிகளும் செல்லும் பொதுச் சாலை. இரவு முழுவதும் பந்தயம் நிற்காது. மழை பெய்தாலும் பெரும்பாலும் நிற்காது. அதோடு, வேகமான முன்னணிக் கார்களும் அவற்றைவிட மிக மெதுவான பிற பிரிவுக் கார்களும் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் ஓடுகின்றன. முன்னணிக் காரை ஓட்டுபவர் தம் போட்டியாளரைக் கவனிப்பதைவிட, தமக்கு முன்னால் போகும் மெதுவான கார் அடுத்த வளைவில் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிப்பதிலேயே அதிகக் கவனத்தைச் செலவிட வேண்டியிருக்கும். இருட்டில், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இப்படிக் கணித்துக்கொண்டே பல மணிநேரம் ஓட்டுவது தனித் திறமை. ஒரே ஒரு சுற்றை மிக வேகமாக ஓட்டும் திறமையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இவ்வளவு நேரத்தை ஒருவரே தாங்க முடியாது என்பதால் ஒரு காரைப் பலர் பகிர்ந்து ஓட்டுகிறார்கள். பெஸ்கரோலோவின் வெற்றிக் காலத்தில் ஒரு காருக்கு இருவர். இப்போது பெரும்பாலும் மூவர். ஏறக்குறைய முக்கால் மணிநேரத்துக்கு ஒருமுறை கார் எரிபொருளுக்காக, அணியின் பணியாளர்கள் காத்திருக்கும் பிட் பகுதிக்கு வரும். சில நிறுத்தங்களில் ஓட்டுநர் இறங்க, அடுத்தவர் ஏறுவார். இன்றைய விதிப்படி எந்த ஓட்டுநரும் ஆறு மணிநேரத்துக்குள் நான்கு மணிநேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. முழுப் பந்தயத்திலும் 14 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது.

இத்தகைய கட்டுப்பாடுகளின் தேவையை உணர்த்தும் பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டு பியேர் லெவெக் என்ற பிரெஞ்சு ஓட்டுநர், கூட்டாளி காத்திருந்தபோதும் காரை அவரிடம் கொடுக்காமல், தம்முடைய டால்போ காரைத் தனியொருவராக ஏறக்குறைய 23 மணிநேரம் ஓட்டினார். மெர்சிடிஸ் கார்களைவிடப் பல சுற்றுகள் முன்னிலையில் இருந்த அவருடைய காரின் எஞ்சின் இறுதிக் கட்டத்தில் உடைந்தது, மெர்சிடிஸ் வென்றது. எஞ்சினில் ஏற்கெனவே கோளாறு இருந்ததை உணர்ந்தே லெவெக் காரை மற்றவரிடம் ஒப்படைக்கவில்லை என்பாரும் உண்டு. களைப்பில் கியரைத் தவறாக மாற்றியதே காரணம் என்பாரும் உண்டு. எது உண்மையாக இருந்தாலும், நெடுநேரப் பந்தயத்தில் காரை அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் ஓட்டுதலின் ஒரு பகுதியே என்று நான் கருதுகிறேன். கிளட்சு தேயாமல், கியர்ப் பெட்டி அடிபடாமல், டயர்களை முழுவதும் தீர்த்துவிடாமல், கார் இப்போது எப்படி நடந்துகொள்கிறது என்ற சரியான தகவலோடு அடுத்தவரிடம் கொடுப்பவரே நல்ல நெடுநேர ஓட்டுநர். தொலைக்காட்சியில் இது தெரியாது. ஆனால் மாலையில் வேகமாக ஓட்டியவரின் கார் மறுநாள் காலையில் பழுதாகி நின்றால், அந்த வேகத்தால் எவருக்கும் பயனில்லை.

பெஸ்கரோலோ 1942ஆம் ஆண்டு பிறந்தவர். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைஞர், இளம் ஓட்டுநர்களைத் தேடி ஃபோர்டு பிரான்ஸ் நடத்திய ஒரு திட்டத்தின் வழியாகப் பந்தயத்துக்கு வந்தார். விரைவிலேயே மாத்ரா நிறுவனத்தில் சேர்ந்தார். விமானத் தொழில்நுட்பத் துறையிலிருந்து கார் பந்தயத்துக்குள் நுழைந்திருந்த அந்த பிரெஞ்சு நிறுவனத்துக்கு ஒரு பெரிய குறிக்கோள் இருந்தது. 1950இல் டால்போ வென்ற பிறகு எந்த பிரெஞ்சுக் காரும் லெ மானில் வென்றிருக்கவில்லை. அந்த வெற்றியைத் தன் நாட்டுக்கு மீட்டுத் தர மாத்ரா விரும்பியது.

1968ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த மே மாதக் கிளர்ச்சிகளின் காரணமாக ஜூனில் நடக்க வேண்டிய லெ மான் பந்தயம் செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிப்போனது. செப்டம்பரில் இரவு நீளம். அந்த ஆண்டு மழையும் சேர்ந்துகொண்டது. பெஸ்கரோலோவும் ஜானி செர்வோ-கவானும் ஓட்டிய மாத்ராவின் கண்ணாடி வைப்பர் இரவில் வேலை செய்யாமல் போனது. முன்னே எதுவும் தெரியவில்லை, இனி ஓட்ட முடியாது என்று சொல்லி செர்வோ-கவான் இறங்கிவிட்டார். மாத்ராவின் பொறுப்பாளர்கள் ஓய்வில் இருந்த பெஸ்கரோலோவை எழுப்பிக் கேட்டார்கள். அவர் ஏறினார். வைப்பர் இல்லாத காரில், கொட்டும் மழையில், முன்செல்லும் கார்கள் வாரியிறைக்கும் நீர்த்திரைக்குள் இரவெல்லாம் ஓட்டி, காரை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, பந்தயம் முடியச் சில மணிநேரமே இருந்தபோது, சாலையில் கிடந்த சிதறல்களால் டயர் கிழிந்து கார் தீப்பற்றியது. முடிவுப் பட்டியலில் அந்தக் கார் பந்தயத்தை முடிக்காதவற்றுள் ஒன்று, அவ்வளவுதான். பிரான்ஸ் மக்கள் பெஸ்கரோலோவை நேசிக்கத் தொடங்கியதோ அந்த இரவிலிருந்துதான். ஒரு நெடுநேர ஓட்டுநரின் வாழ்க்கையில் மிகச் சிறந்த ஓட்டம், எந்தப் புள்ளியும் பெறாத பந்தயமொன்றில் அமைந்துவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு அவருடைய வாழ்க்கை முடிந்திருக்க வேண்டியது. 1969 ஏப்ரலில் லெ மான் சாலையில் மாத்ராவின் புதிய காரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, யுனோதியேர் என்னும் நீண்ட நேர்ச்சாலையில் அந்தக் கார் தரையிலிருந்து மேலெழும்பிச் சிதறித் தீப்பிடித்தது. மூடிய மேற்கூரையோடு, காற்றைக் கிழித்துச் செல்லும்படி மழமழப்பாக வடிவமைக்கப்பட்ட கார் அது. காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதில் முழுக் கவனமும் சென்றிருந்த அந்தக் காலத்தில், காரைத் தரையோடு அழுத்தி வைக்க வேண்டும் என்ற அறிவு முழுமையாக வளர்ந்திருக்கவில்லை. பெஸ்கரோலோவுக்குக் கடுமையான தீக்காயங்கள் ஏற்பட்டன. பின்னாளில் அவருடைய அடையாளமாகவே மாறிய தாடி, முகத்தின் தழும்புகளை மறைக்க வளர்த்தது. அந்த ஆகஸ்டிலேயே ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வளையத்தில் நடந்த கிராண்ட் பிரீ எனப்படும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில், அதற்கு அடுத்த நிலையான ஃபார்முலா டூ கார் ஒன்றை ஓட்டி, அந்தப் பிரிவில் முதலிடத்தைப் பிடித்தார்.

அவருடைய ஃபார்முலா ஒன் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1968 முதல் 1976 வரை ஐம்பதுக்கு மேற்பட்ட கிராண்ட் பிரீ பந்தயங்களில் ஓட்டினார். 1970இல் மொனாக்கோவில் பெற்ற மூன்றாம் இடமே மிக உயர்ந்தது. அந்த ஆண்டுக்குப் பிறகு அவருக்கு வாய்த்தவை பெரும்பாலும் போட்டியிடும் வலிமையற்ற கார்கள். அக்காலத்தில் ஓட்டுநர்கள் ஒரே பருவத்தில் ஃபார்முலா ஒன், ஃபார்முலா டூ, நெடுநேரப் பந்தயம் என எல்லாவற்றிலும் ஓட்டுவது வழக்கம். ஆகவே அவர் ஃபார்முலா ஒன்னில் தோற்று லெ மானுக்கு வந்தார் என்று எண்ணுவது தவறு. இரண்டிலும் ஒரே காலத்தில் இருந்தார்.

1972இல் மாத்ராவின் கனவு நிறைவேறியது. பெஸ்கரோலோவின் கூட்டாளியாக வந்தவர் இங்கிலாந்தின் கிரஹாம் ஹில். இருமுறை ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியனாகி, மொனாக்கோவிலும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்திலும் வென்றிருந்தவர். ஆனால் அப்போது அவருக்கு வயது 43; கால்களில் பெரிய விபத்தொன்றின் காயங்களும் இருந்தன. இவரோடு ஓட்டுவதா என்ற தயக்கம் தொடக்கத்தில் தமக்கு இருந்ததை பெஸ்கரோலோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மழையிலும் இருட்டிலும் ஹில் ஓட்டிய விதம் அந்தத் தயக்கத்தைப் போக்கியது. இருவரும் வென்றார்கள், மாத்ராவின் மற்றொரு கார் இரண்டாவதாக வந்தது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பிரெஞ்சுக் கார் லெ மானில் வென்றது. மொனாக்கோ அல்லது ஃபார்முலா ஒன் பட்டம், இண்டியானாபொலிஸ், லெ மான் என்ற மூன்றையும் வென்ற ஒரே ஓட்டுநர் என்ற பெருமை ஹில்லுக்கு அன்று கிடைத்தது. இன்றும் அது அவரிடமே இருக்கிறது. அதே பந்தயத்தின் ஞாயிறு காலையில் ஸ்வீடன் ஓட்டுநர் யோ பொன்னியர் விபத்தில் இறந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தின் வெற்றிகளை அதன் சாவுகளிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

1973இல் அவருக்குத் துணை ஷெரார் லரூஸ். ஃபெராரி கார்களோடு நடந்த அந்தப் போட்டி கடைசி மணிநேரங்கள் வரை நீடித்தது. முன்னணியில் போட்டியிட்ட ஃபெராரி எஞ்சின் கோளாறால் நின்ற பிறகே மாத்ராவின் வெற்றி உறுதியானது. 1974இல் அதே இணை மீண்டும் வென்றது, ஆனால் சிக்கலில்லாமல் அல்ல. பெரிய முன்னிலையோடு இருந்தபோது காரின் கியர்ப் பெட்டி பழுதாகிப் பிட் பகுதியில் நெடுநேரம் நிற்க வேண்டியதாயிற்று. அந்தக் கியர்ப் பெட்டியை வடிவமைத்தது போர்ஷே நிறுவனம். அந்த நேரத்தில் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்ததும் போர்ஷேவின் கார்தான். இருந்தும் பழுது நீக்க போர்ஷே ஆட்கள் உதவினார்கள். நெடுநேரப் பந்தயம் ஏன் சிலருக்கு வாழ்நாள் பற்றாகிவிடுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் நிகழ்ச்சி இது.

அந்த ஆண்டின் முடிவில் மாத்ரா பந்தயத்திலிருந்து விலகியது. இங்கேதான் நெடுநேர ஓட்டுநரின் வாழ்க்கை மற்ற பந்தய ஓட்டுநர்களின் வாழ்க்கையிலிருந்து வெகுவாக வேறுபடுகிறது. ஒரு நிறுவனம் தன் திட்டத்தை முடித்துக்கொண்டால், ஓட்டுநர் ஆண்டுதோறும் வேறு வேறு அணிகளில் இடம் தேட வேண்டும். பெரும் நிறுவனத்தின் கார் ஓர் ஆண்டு. ஊர்க்காரர் ஒருவர் சிறு பட்டறையில் கட்டிய கார் அடுத்த ஆண்டு. லெ மான் ஊரைச் சேர்ந்த ஷான் ரோந்தோ கட்டிய கார்களை பெஸ்கரோலோ ஓட்டினார். லிஷியே, போர்ஷே ஆகியவற்றையும் ஓட்டினார். பின்னர் மெர்சிடிஸ் எஞ்சின் கொண்ட சௌபர், ஜாகுவார் என்று பட்டியல் நீள்கிறது. 1986இல் நூர்பர்க்ரிங்கில் மைக் தாக்வெல்லோடு சேர்ந்து சௌபருக்கு அவர் பெற்றுத்தந்த வெற்றி, மெர்சிடிஸ் நெடுநேரப் பந்தயத்துக்கு முழு அளவில் திரும்பியதற்கு முன்னோடியாக அமைந்தது. ஆண்டுதோறும் புதிய கார், புதிய கூட்டாளி, புதிய இயந்திரப் பணியாளர்கள். இருவேறு உயரமுள்ளவர்கள் ஒரே இருக்கையில் உட்கார வேண்டும். இருவேறு விருப்பமுள்ளவர்கள் ஒரே விதமாகச் சரிசெய்யப்பட்ட காரை ஏற்க வேண்டும். தமக்கு மட்டும் பொருந்தும்படி எல்லாம் அமைய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரை அணிகள் மறுமுறை அழைப்பதில்லை. மீண்டும் மீண்டும் அழைக்கப்படுவதே இத்துறையில் ஒருவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சான்றிதழ். 33 என்ற எண்ணின் பொருள் அதுவே.

நான்காம் வெற்றி 1984இல் வந்தது. எரிபொருள் விதிகள் குறித்த கருத்து வேறுபாட்டால் போர்ஷே தன் சொந்த அணியை அந்த ஆண்டு அனுப்பவில்லை; ஆகவே போர்ஷே 956 கார்களை வாங்கி ஓட்டிய தனியார் அணிகளுக்குள்ளேயே கடும் போட்டி நடந்தது. ரைன்ஹோல்ட் யோஸ்ட் என்பவரின் ஜெர்மன் அணிக்காக பெஸ்கரோலோவும் கிளாவுஸ் லுட்விக்கும் ஓட்டினார்கள். தொடக்கத்திலேயே ஏற்பட்ட கோளாறால் கார் மிகவும் பின்தங்கியது. ஃபார்முலா ஒன்னில் அப்படிப் பின்தங்கினால் பந்தயம் ஏறக்குறைய முடிந்ததாகவே பொருள். லெ மானில் இன்னும் இருபது மணிநேரத்துக்கு மேல் இருக்கிறது. மற்றவர்களுக்கும் கோளாறு வரும். அதுவரை தவறின்றி, ஒரே சீரான வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் அதைத்தான் செய்தார்கள். அப்போது பெஸ்கரோலோவுக்கு வயது 41.

1991இல் யோஸ்ட் அணியின் போர்ஷே காரில், அமெரிக்காவின் டேட்டோனா 24 மணிநேரப் பந்தயத்தையும் வென்றார். அந்தக் காரில் அவரோடு ஓட்டியவர்களுள் ஒருவர் பாப் வோலெக். ஸ்ட்ராஸ்பூர்கைச் சேர்ந்த இவரும் பிரெஞ்சுக்காரரே. லெ மானில் 30 முறை ஓட்டியிருக்கிறார். டேட்டோனாவில் நான்கு முறை வென்றிருக்கிறார். ஆனால் லெ மானில் ஒட்டுமொத்த வெற்றி ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 2001இல் ஃபுளோரிடாவில் சைக்கிள் ஓட்டிச் சென்றபோது வாகனம் மோதி இறந்தார். பெஸ்கரோலோவுக்கும் வோலெக்குக்கும் இடையே திறமையில் 4க்கும் 0க்கும் உள்ள வேறுபாடு இருந்தது என்று அவர்களோடு ஓட்டிய எவரும் சொல்லமாட்டார்கள். எந்த ஆண்டு எந்தக் காரில் இடம் கிடைத்தது, அந்தக் காரின் எந்த உதிரிபாகம் எந்த நேரத்தில் உடைந்தது என்பவையே அந்த எண்களைப் பெரும்பாலும் தீர்மானித்தன.

வயது பற்றியும் ஒரு சொல். பெஸ்கரோலோ கடைசியாக லெ மானில் ஓட்டியது 1999இல், 56ஆம் வயதில். ஃபார்முலா ஒன்னில் நினைத்தும் பார்க்க முடியாத வயது இது. உடலின் உடனடி வேகம் சற்றுக் குறைந்தாலும், இரவில் தூரத்தைக் கணிப்பது, காரின் சத்தத்தில் சிறு மாற்றத்தை உணர்வது, ஆபத்தான இடத்தில் அவசரப்படாமல் காத்திருப்பது ஆகிய பழக்கங்கள் அனுபவத்தோடு வளர்கின்றன. அதோடு, பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என ஓட்டுநர்களைத் தரம் பிரித்து, சில பிரிவுகளில் தொழில்முறை அல்லாத ஓட்டுநர் ஒருவரும் காரில் இருக்க வேண்டும் என்று இன்றைய விதிகள் கேட்கின்றன. ஆகவே ஐம்பது வயதைக் கடந்தவர்கள் லெ மானில் ஓட்டுவது இன்றும் அரிதல்ல. பெஸ்கரோலோவோ பந்தயச் சாலையோடு நிற்கவில்லை. டக்கார் பாலைவனப் பந்தயங்களில் ஓட்டினார். 1987இல் பழைய லாக்ஹீட் விமானம் ஒன்றில் நண்பர்களோடு ஏறக்குறைய 89 மணிநேரத்தில் உலகைச் சுற்றிவந்து சாதனை படைத்தார்.

லெ மானில் இளம் ஓட்டுநர்களைப் பயிற்றுவித்த பள்ளியை நடத்திய அவர், 2000ஆம் ஆண்டில் தம் பெயரிலேயே ஓர் அணியைத் தொடங்கினார். ஆவுடி போன்ற பெரும் நிறுவனங்களின் செலவில் சிறு பகுதியைக்கூடச் செய்ய இயலாத அணி அது. 2005இல் தகுதிச் சுற்றில் எல்லோரையும் விட வேகமாக ஓட்டி, பந்தயத்தில் ஆவுடிக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றது. 2006இல் மீண்டும் இரண்டாம் இடம். உலக ராலி சாம்பியன் செபாஸ்தியான் லோப் அந்தக் காரின் மூன்று ஓட்டுநர்களில் ஒருவர். 2007இல் மூன்றாம் இடம். பந்தயப் பாதையின் ஓரத்தில் நின்ற பிரெஞ்சு ரசிகர்கள், வென்ற காரைவிட இந்தக் காருக்கு அதிகமாகக் கைதட்டிய ஆண்டுகள் அவை. ஓட்டுநராக அவர் பெற்ற எதற்கும் இந்த இரண்டாம் இடங்கள் குறைந்தவை அல்ல என்றே நான் மதிப்பிடுகிறேன். ஏனெனில் தாம் ஓட்டும் காரை மட்டுமல்லாமல், ஓர் அணியையே 24 மணிநேரம் சிதறாமல் வைத்திருக்கும் பொறுப்பை அவர் அப்போது ஏற்றிருந்தார்.

2010இல் பண நெருக்கடியால் அணி கலைக்கப்பட்டது. அதன் சொத்துகளை ஏலத்தில் வாங்கிய நண்பர்கள் அவற்றை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 2011இல் அணி மீண்டும் களமிறங்கியது. 2013இல் நிரந்தரமாக மூடப்பட்டது.